பாண்டிச்செல்வியும் வளைவுக் கேட்டும்

பாண்டிச்செல்விக்கு வலது தோளில் ஒரு காய்ப்பு உண்டு. உழவு மாட்டுக் கழுத்தில் நுகத்தடி பட்டுப் பட்டுத் தடித்திருக்குமே, அந்த மாதிரி. அவளுடைய ரவிக்கை அந்த இடத்தில்தான் முதலில் நைந்து கிழியும். எங்கள் கருங்கானலில் யாருக்கு நோவு வந்தாலும் அந்தத் தோளில் ஏறித்தான் ரோட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

கருங்கானல், கூக்காலுக்குக் கீழே சோலையைத் தாண்டி இருக்கிற ஊர். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். ரோடு கிடையாது. கூக்கால் வரைக்கும் மலையேறி வந்தால்தான் பஸ், ஜீப்பு, ஆம்புலன்ஸ் எல்லாம். நடக்க முடியாதவர்களை நீளமான மூங்கில் கம்பில் போர்வையைத் தொட்டில் மாதிரிக் கட்டி அதில் படுக்க வைப்போம். முன்னால் ரெண்டு தோள், பின்னால் ரெண்டு தோள். டோலி என்று சொல்வார்கள். ஏற்றத்தில் முன்னால் பிடிக்கிறவர் நிதானமாக இருக்க வேண்டும். அவர் கால் வழுக்கினால் மற்ற மூன்று பேரும் நோயாளியும் பள்ளத்தில்தான்.

பாண்டிச்செல்வி கூக்காலில் பிறந்து எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். எனக்கு மதினி முறை. அவள் வந்த புதிதில், ஆம்பளைகள் எல்லாம் பூண்டு மூட்டையோடு வடுகபட்டிச் சந்தைக்குப் போயிருந்த ஒரு நாள், அவளுடைய மாமியாருக்கு வாந்தி பேதி கண்டது. தூக்குவதற்கு ஆள் இல்லை. "ஆம்பள வர்ற வரைக்கும் அத்தை உசுரு இருக்கணும்னு கட்டாயமா?" என்று கேட்டுவிட்டு, முந்தானையைச் சுருட்டித் தோளில் வைத்து முன்கம்பைப் பிடித்தவள்தான். மாமியார் பிழைத்தார். பொம்பளை டோலி தூக்குவதா என்று பேசியவர்கள், அப்புறம் தங்களுக்கு இடுப்பு பிடித்தபோது அவளுக்குத்தான் ஆள் அனுப்பினார்கள். அவள் யாரையும் மறுத்ததில்லை. அதட்டிப் பேசியும் நான் பார்த்ததில்லை.

அவளைக் கோபக்காரி ஆக்கியது பசுந்தடம்.

பசுந்தடம் என்பது கொடைக்கானலில் ஆபீஸ் வைத்திருக்கிற ஓர் அமைப்பு. மலையில் மாடு போகிற தடம், சந்தைத் தடம், நாங்கள் காவடி எடுத்துப் பழநிக்கு இறங்குகிற தடம் எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று கோத்து, பட்டணத்துக்காரர்கள் நடந்து வருவதற்குப் பாதை போடப் போகிறோம் என்று வந்தார்கள். பட்டணத்தையும் கிராமத்தையும் இணைக்கிறோம் என்றார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. இத்தனை காலம் நாங்கள் என்ன அறுந்தா கிடந்தோம் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் முருகன் கோயில் வாசலில்தான் கூட்டம் போட்டார்கள். பூசாரி மலைச்சாமி சூடம் காட்டி, எல்லோருக்கும் திருநீறு கொடுத்து, சர்க்கரைப் பொங்கல் வைத்து, நல்ல காரியமாகத்தான் ஆரம்பித்தது. பிரசாந்த் என்று ஒரு என்ஜினியர் பையன் வந்திருந்தான். மரியாதை தெரிந்த பையன். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "இந்தப் பாதைய நீங்க எதுக்கெல்லாம் பயன்படுத்துறீங்க? எல்லாத்தையும் சொல்லுங்க" என்று கேட்டான்.

சொன்னோம். பூண்டு மூட்டை, விறகு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ரேஷன், பாதயாத்திரை. டோலியை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதை வெளியூர்க்காரர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். அந்த வார்த்தையை நாங்கள் சும்மா இருக்கும்போது வாயில் எடுக்க மாட்டோம். எடுத்தால் அதற்குச் சோலி வந்துவிடும் என்று பயம். மூங்கில் கோயிலுக்குப் பின்னால் கிடக்கும். பார்த்தும் பார்க்காத மாதிரி தாண்டிப் போவோம். சாமி முன்னால், பொங்கல் வைத்திருக்கிற வேளையில், எவர் சொல்வார்? நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். பாண்டிச்செல்வியும் இருந்தாள். திருநீற்றைப் பூசிக்கொண்டு பேசாமல் இருந்தோம்.

வேலை நடந்தது. ஓடைக்கு மரப்பாலம் போட்டார்கள். சேறு வழுக்குகிற இடத்தில் கல் பதித்தார்கள். பாலத்தைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டது பாண்டிச்செல்விதான். "இனிமே கால் நனையாமப் போலாம் மணி" என்றாள் என்னிடம். ஊரில் இளவட்டங்களுக்குப் பசுந்தடத்தில் வேலையும் கிடைத்தது. வருகிறவர்களின் டென்ட்டையும் கேஸ் அடுப்பையும் முதுகில் சுமந்துகொண்டு கூட நடக்கிற வேலை. பாண்டிச்செல்வியின் மருமகன் அஜய்க்குப் பச்சை நிறத்தில் ஒரு கோட்டுக் கொடுத்து, கைடு என்று பேர் வைத்தார்கள்.

பாதை நன்றாக ஆனதும் கொடைக்கானல் பக்கமிருந்து பைக்கில் பையன்கள் இறங்க ஆரம்பித்தார்கள். பதித்த கல்லெல்லாம் பெயர்ந்தது. அதைத் தடுக்கத்தான் கேட் வந்தது.

பழநியில் தரும தரிசன வரிசையில் இரும்புக் கம்பி வளைந்து வளைந்து போகுமே, அதேதான். ஓர் ஆள் உள்ளே போய், திரும்பி, மறுபடி திரும்பி வெளியே வர வேண்டும். பைக்கைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்று ஆள் உயரத்துக்கு மேலே கம்பி, அதற்கு மேல் குறுக்குக் கம்பி. சுற்றிப் போகவும் முடியாதபடி, பாதை கூக்கால் ரோட்டில் சேருவதற்குச் சற்று முன்னால், ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் பள்ளமுமாக இருக்கிற இடத்தில் நட்டுவிட்டார்கள். முருகனைப் பார்க்க அப்படி வளைந்து போகலாம். ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா?

கேட்டைப் பார்த்த அன்றைக்கே பிச்சையம்மாள் வாயைத் திறந்தாள். ஊரில் பிரசவம் பார்க்கிறவள், பேச்சில் உப்பும் மிளகாயும் தூக்கல்.

"ஏ பாண்டி, இதுல மூங்கி திரும்புமாடி?"

"வாயக் கழுவு சின்னம்மா. வீட்டுல பிள்ளத்தாச்சி இருக்கா" என்றாள் பாண்டிச்செல்வி.

தலைப்பிரசவத்துக்கு மகள் சுபஸ்ரீ தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். மாதம் நெருங்கியதும் கொடைக்கானலில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைப்பதாகத்தான் ஏற்பாடு. வயிற்றுப் பிள்ளைக்கு நம்முடைய ஏற்பாடு தெரியுமா? ஒரு சனிக்கிழமை வெள்ளனே வலி கண்டுவிட்டது. பிள்ளை பிறக்க இன்னும் நாள் இருந்தது; பிச்சையம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "பிள்ள கையி முன்னால தெம்படுது. நம்மால ஆகாது. ரோட்டுக்குத் தூக்குங்க, வெரசா."

தூக்குவதற்கு யார் இருக்கிறார்கள்? பாண்டிச்செல்வியின் புருஷன் சின்னக்கருப்பன் சந்தைக்குப் போயிருந்தார். சனிக்கிழமை என்றால் இளவட்டம் ஒன்றும் ஊரில் தங்காது, எல்லாம் டென்ட் தூக்கப் போய்விடும். சுபஸ்ரீயின் புருஷனும் அதற்குத்தான் போயிருந்தான். ஊரை இணைத்தார்கள் அல்லவா, தோளெல்லாம் அங்கே இணைந்துவிட்டது.

மூங்கிலை எடுத்தோம். முன்கம்பில் பாண்டிச்செல்வி, அடுத்து நான். பின்னால் பிச்சையம்மாளும் பூசாரி மலைச்சாமியும். சிக்னல் கிடைக்கிற பாறையில் நின்று ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஏறினோம். மூடுபனி. கல்லெல்லாம் ஈரம். பூசாரிக்கு நெஞ்சு கரகரவென்று இரைத்தது.

"என்ன பூசாரி, கம்பத் தூக்குறீரா, கம்புல தொங்குறீரா?" என்றாள் பிச்சையம்மாள்.

"தொங்குனா உனக்குத்தான பாரம். ஏறு ஏறு."

போர்வைக்குள்ளிருந்து சுபஸ்ரீ அழுதாள். "யம்மா, முடியலம்மா. எறக்கி விடும்மா, நான் நடந்தே வந்துர்றேன்."

"பேசாமக் கெட தாயி. அம்மா தோளு இருக்குல்ல. அந்தா ரோடு வந்துருச்சு."

ரோடு வந்துதான் இருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸின் விளக்கு பனிக்குள் சுற்றுவது எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. கூப்பிடு தூரம். நடுவில் கேட்.

கேட்டுக்குள்ளே ஆள்கள் ஒவ்வொருவராக வளைந்து வந்துகொண்டிருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த கூட்டம். முதுகில் பெரிய பெரிய பை. அவர்களுக்கு நடுவில் பச்சைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, முதுகில் டென்ட்டும் கையில் கேஸ் அடுப்புமாக, "மெதுவா வாங்க சார், தலையப் பாத்து வாங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டு நின்றவன் அஜய்.

மாமியாரைப் பார்த்தான். "என்னத்த, யாரு?"

"உம்பொண்டாட்டிடா" என்றாள் பாண்டிச்செல்வி.

கேஸ் அடுப்பு கீழே விழுந்து உருண்டது. வந்தவர்களைப் பின்னால் தள்ளி அவன் வழி பண்ணினான். மூங்கிலை உள்ளே விட்டோம். முன்முனை எதிர்க் கம்பியில் இடித்தது. பின்னால் வாங்கித் திருப்பினோம். பின்முனை பாறையில் இடித்தது. சாய்த்தோம். சாய்த்ததும் சுபஸ்ரீ தலைப்பக்கமாகச் சரிந்து வீரிட்டாள். மறுபடி வெளியே எடுத்து, மறுபடி விட்டு, மறுபடி இடித்து. இடிக்கிற ஒவ்வொரு தடவையும் "முருகா" என்றேன். அந்தக் கேட்டை நட்டவர்களை வாயாரத் திட்டத் தெரியாமல்தான் சாமியைக் கூப்பிட்டேன். இன்றைக்கு என்றால் ரெண்டையும் செய்வேன்.

போர்வையை அவிழ்த்து ஆளைக் கையில் ஏந்திப் போகலாம் என்று பாண்டிச்செல்வி சொன்னாள். முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே பனிக்குடம் உடைந்தது. வந்திருந்த பெண் ஒருத்தி தன் படுக்கைப் பாயை உருவி விரித்தாள். இன்னொருத்தி சால்வையை மறைப்பாகப் பிடித்தாள். அந்த ரெண்டு பிள்ளைகளும் நல்லா இருக்கணும், பேர் கேட்க மறந்துவிட்டேன். மற்றவர்கள் நின்றார்கள். ஒருவன் பாறை மேல் ஏறி நின்றான். அவன் கையில் போன்.

எங்கள் சுபஸ்ரீ, குளிக்கும்போதுகூட உள்பாவாடையை நெஞ்சு வரைக்கும் கட்டிக்கொள்கிற பிள்ளை, நடுவழியில், இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் பிள்ளை பெற்றாள். கை முதலில் வந்த பிள்ளையைப் பிச்சையம்மாள் எப்படித் திருப்பினாளோ, அது அவளுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். ஆம்புலன்ஸ் நர்ஸம்மா கேட்டுக்குள் பக்கவாட்டில் புகுந்து ஓடி வந்தபோது பிள்ளை அழுதது. சுபஸ்ரீக்கு உதிரம் நிற்கவில்லை. நஞ்சுக்கொடி விழுந்த பிறகு அஜய் அவளைக் கையில் ஏந்தி அந்த வளைவுக்குள் கொண்டுபோனான். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் முழங்கால் கம்பியில் இடித்தது. பாயிலிருந்து ரோடு வரைக்கும் சிவப்பாகக் கோடு.

கொடைக்கானல் போய், அங்கிருந்து திண்டுக்கல் போய், ரத்தம் ஏற்றி, பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தான். பழநி ஆண்டவர் கண் திறந்தார். கேட் திறக்கவில்லை.

இதோடு போயிருந்தால், நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டுவிட்டு மனதை ஆற்றியிருப்போம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கினால் கூக்கால் பஸ் நிற்கிற இடத்தில் பெரிய பிளக்ஸ். பச்சை எழுத்தில், "தடத்தில் பிறந்த தளிர்." கீழே படம். கேட், பாய், முகத்தைத் திருப்பிக் கம்பியைப் பிடித்திருக்கிற சுபஸ்ரீ, பிச்சையம்மாள் கையில் ரத்தமும் நிணமுமாகப் பிள்ளை. மூலையில் பசுந்தடத்தின் முத்திரை. போனில் எடுத்தவன் அவர்களுக்கு அனுப்பியிருக்கிறான். அவர்கள் பெரிசாகப் போட்டுவிட்டார்கள். ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை.

சுபஸ்ரீ அந்தப் படத்தைப் பார்த்தாள்.  துண்டை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டு ஊருக்கு இறங்கினாள். அதன் பிறகு அவள் ரோட்டுக்கு வரவே இல்லை. பிள்ளைக்குத் தடுப்பூசி போட நாள் வந்தது, போகவில்லை. பாதையில் வருகிறவர்கள், "நீங்கதான அந்த டிரெயில் அம்மா?" என்று, தடத்துக்கு அவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வீட்டு வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். பாண்டிச்செல்விக்கு அன்றைக்குப் பிடித்த கோபம்தான். கேட்டும் போக வேண்டும், படமும் போக வேண்டும், என் மகள் தலை நிமிர்ந்து ரோட்டுக்குப் போக வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

என்னைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் ஆபீசுக்குப் போனாள். பசுந்தடத்தின் தலைவர், வயசானவர், வெளியூரில் பெரிய வேலையில் இருந்து வந்தவர். எழுந்து நின்று கும்பிட்டு, டீ சொன்னார்.

"வாங்கம்மா. உங்க பேரன் எங்க தடத்தோட செல்லப் பிள்ளை."

"சார், கேட்ட எடுத்துருங்க. அந்தப் படத்தையும் எடுத்துருங்க."

"படத்துல என்னம்மா தப்பா இருக்கு? முகம்கூடச் சரியாத் தெரியல. அதப் பாத்துட்டு எத்தனை பேர் போன் பண்றாங்க தெரியுமா? கிராமத்துப் பெண்களோட தைரியம்னு பாராட்டுறாங்க."

"முகம் தெரியாமத்தான் எம்மக வீட்டுக்குள்ள அடஞ்சு கெடக்காளா? உங்க வீட்டுப் பிள்ளை பெத்துக்கிடறத இப்படி ரோட்டுல மாட்டுவீங்களா சார்?"

டீ ஆறியது. அவர் முகம் கொஞ்சம் மாறியது. பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். "கேட் விஷயத்துல எங்க மேல தப்பில்லம்மா. உங்க கோயில் வாசல்லயே கூட்டம் போட்டு, பாதைய எதுக்கெல்லாம் பயன்படுத்துறீங்கன்னு கேட்டோம். டோலி தூக்குவோம்னு ஒருத்தர் சொல்லியிருந்தா அதுக்குத் தகுந்த மாதிரி அகலமா வெச்சிருப்போம். இல்ல பிரசாந்த்?"

மூலையில் உட்கார்ந்திருந்த பிரசாந்த் தலையைத் தூக்கவில்லை.

பாண்டிச்செல்வி எழுந்துவிட்டாள். நானும்தான். அவர் சொன்னது பொய்யில்லையே. அடுத்த மாதம் நடைவிழா, கேட் பக்கத்திலேயே, பேரனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், உங்களுக்குச் சால்வை போடுகிறோம் என்று சொல்லி வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வைத்தார்.

திரும்பி வருகிற பஸ் பூம்பாறையைத் தொட்டது. குழந்தை வேலப்பர் கோயில் பக்கம் வந்ததும் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவள் போடவில்லை.

"நம்ம வாயில என்ன மணி, கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்றாள். "சொன்னா சோலி வந்துரும்னு பயந்து ஊரே வாய மூடிக்கிட்டு இருந்துச்சே. சொல்லாததுக்கு வந்துச்சா இல்லையா? சாமிக்குத் தெரியாதா நாம எதத் தூக்குறோம்னு? சாமி முன்னால சொல்லக்கூடாதாம்!"

"விடு மதினி. நம்ம வழக்கம் அது."

"நம்ம வழக்கம் நமக்குத் தெரியும். பாத போடுறவன் ஒரு தடவ பாதையில ஏறிப் பாத்தானா, ஒருத்தனக் கேட்டானா, உடம்புக்கு முடியாதவுக எப்படி வர்றீகன்னு? ஊருல ஒருத்தருக்கும் நோவே வராதுன்னு நெனச்சானா?"

 நாங்கள் சொல்லாதது தப்புதான். கேட்கிறவருக்குப் புத்தி எங்கே போனது? ரோடில்லாத ஊரில் சீக்காளி எப்படிப் போவார் என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்கும்.

நடைவிழா அன்றைக்குப் பந்தல் போட்டு, குத்துவிளக்கு வைத்து, முருகன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். படத்துக்குப் பின்னால் அதே பிளக்ஸ். சென்னை, மதுரை, கொடைக்கானல் என்று நிறைய பேர். எங்கள் ஊர் ஆள்களுக்கு முன்வரிசை. அஜயும் மற்றப் பையன்களும் பச்சைக் கோட்டில் நின்றார்கள். பாண்டிச்செல்வி பேரனைக் கொண்டுவரவில்லை. மூங்கிலும் போர்வையும் கொண்டுவந்தாள். அன்றைக்குத் தூக்கிய நாங்கள் நாலு பேரும் அதைத் தோளில் வைத்துக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தபோது எங்கள் ஊர்க்காரர்களே எழுந்துவிட்டார்கள். வெறும் டோலியை விளக்குக்கு முன்னால் கொண்டு வருவதா? "ஏத்தா, கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு?" என்று சின்னக்கருப்பன் அவள் கையைப் பிடித்தார். அவள் உதறினாள்.

தலைவர் சால்வையோடு வந்தார்.

"சார், சால்வை இருக்கட்டும். இதுக்குப் பேரு டோலி" என்றாள், ஊருக்கே கேட்கிற மாதிரி. "அன்னைக்குச் சொல்லல. இன்னைக்குச் சாமி முன்னால சொல்றேன். டோலி. எங்க ஊருல நோவு வந்தா இதுலதான் தூக்குவோம். நீங்க படுங்க. நாங்க தூக்கிட்டு உங்க கேட்டுக்குள்ள போய்க் காட்டுறோம்."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். "நல்ல யோசனைம்மா. ஒரு டென்ட் பையை வெச்சு வேணும்னா செஞ்சு காட்டுங்க."

"பைக்கு வயித்துவலி வராது சார். பை கத்தாது. நீங்க படுங்க."

"அம்மா, நல்ல நாள் அதுவுமா..."

"எம்மகளுக்கு அன்னைக்கு நல்ல நாளு இல்லையா?"

சிரிப்பு நின்றது. அப்போது பிரசாந்த் எழுந்து வந்தான். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். போர்வையில் படுத்தான். தூக்கினோம்.

கேட்டுக்குள் முன்முனை இடித்தது. பின்னால் வாங்கித் திருப்பினோம். பின்முனை இடித்தது. சாய்த்தோம். தலை கீழாகச் சரிந்து அவன் மூங்கிலைக் கட்டிப் பிடித்தான். முழங்கால் கம்பியில் மோதியது. "அம்மா" என்று கத்திவிட்டான்.

"கத்தாதீங்க தம்பி" என்றாள் பிச்சையம்மாள். "நீங்க சும்மாதான படுத்திருக்கீங்க."

இறக்கினோம். அவன் முகம் வெளுத்து, பாறையில் கையை ஊன்றி நின்றான். "சார், இது என் டிராயிங். இத எடுத்துரணும் சார்" என்றான் தலைவரிடம்.

"கமிட்டியில வெச்சுப் பேசுவோம் பிரசாந்த். இங்க வேணாம்."

பாண்டிச்செல்வி அந்தப் பேச்சுக்கு நிற்கவில்லை. மடியிலிருந்து கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு நேரே பிளக்ஸிடம் போனாள். நாலு மூலைக் கயிற்றையும் அறுத்தாள். விழுந்த படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மருமகனைப் பார்த்தாள்.

"ஏலே அஜய். டென்ட் தூக்குற தோளுக்கு இது தெரியலையா?"

அஜய்க்கு வீட்டில் அந்தச் சம்பளம்தான் வருமானம். அவன் கண் கலங்கியது. கோட்டைக் கழற்றினான், மடித்தான், தலைவருக்கு முன்னால் இருந்த மேஜையில் வைத்தான். "கேட்ட எடுத்தாக் கூப்பிடுங்க சார்" என்றான். மற்றப் பையன்களில் ராமர் கழற்றினான். இன்னும் சிலர் கழற்றினார்கள். கழற்றாதவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வயிறு எல்லோருக்கும் உண்டு.

சுமை தூக்க ஆள் குறைந்ததும் கமிட்டிக்கு வேகம் வந்தது. வெல்டிங்காரர் வந்து நடுக் கம்பியையும் மேல் கம்பியையும் அறுத்தார். இப்போது டோலி நேராகப் போகும். பைக்கும் போகும். பைக் வருவதற்குக் கருங்கானல்தான் காரணம் என்று ஆபீசில் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். அஜயை அவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை. கவுஞ்சியில் கேரட் மூட்டை ஏற்றுகிறான். பாண்டிச்செல்விக்குப் பிரச்சினை பண்ணுகிற அம்மா என்று பேராகிவிட்டது. பேரனுக்கு வேலப்பன் என்று பேர் வைத்தார்கள். பிச்சையம்மாள் மட்டும் கேட்டுச்சாமி என்றுதான் கூப்பிடுகிறாள், அதற்கும் பாண்டிச்செல்வியிடம் வசை வாங்குகிறாள்.

போன வாரம், முன்பு தவறிப்போன தடுப்பூசியைப் போடுவதற்குச் சுபஸ்ரீயைப் பாண்டிச்செல்வி கிளப்பினாள். "யாராச்சும் கேப்பாங்கம்மா" என்றாள் அவள். "கேக்கட்டும், நான் வர்றேன்ல" என்றாள் தாய். நானும் கூட ஏறினேன். முக்காடு போடப் போன மகளின் கையிலிருந்து துண்டை வாங்கி, பிள்ளையைப் போர்த்தினாள்.

கேட் இருந்த இடத்தில் ஒரு கூட்டம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. அதில் ஒருவன் சுபஸ்ரீயை உற்றுப் பார்த்தான். பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டே எழுந்தான்.

"அக்கா, நீங்கதான அந்த டிரெயில்ல..."

பாண்டிச்செல்வி அவனுக்கும் மகளுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"ஆமா, அவதான். என்ன வேணும்?"

அவன் போனை இறக்கினான். "ஒண்ணுமில்லம்மா" என்றான்.

"ஒண்ணுமில்லன்னா வழிய விட்டு ஒக்காரு. பஸ்ஸு வந்துருச்சு."

அவர்கள் காலை மடக்கினார்கள். சுபஸ்ரீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.